சுவரில் எழுதிய உன் நம்பர்

மகனே,

நீ நன்றாக இருப்பதாக உன் அம்மா சொன்னாள். நான் எப்படி இருக்கிறேன் என்று அவளிடம் கேட்காதே. ஒரு வாரமாக அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒரு போன் போட்டுச் சொல்வதை விட்டுவிட்டு இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நீ நினைப்பாய். போனில் நாம் இருவரும் முழுசாகப் பேசி முடித்த ஒரு பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. நீ "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பாய். நடுவில் இன்னொரு கால் வரும். "இருடா, சாவு வூட்டுக்காரங்க கூப்பிடறாங்க" என்று உன் லைனை வைத்துவிடுவேன். அந்த ஒரு விஷயம் என்ன என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்டதும் இல்லை. காகிதத்துக்கு நடுவில் கால் வந்தாலும் எழுத்து விட்ட இடத்திலேயே நிற்கும், கோபித்துக்கொண்டு போகாது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் மாமனாராகப் போகிறவரிடம் கட்டாயம் காட்டு. உனக்குத் தெரிந்ததையும் விவரமாக எழுதுவது அவருக்காகத்தான்.

முதலில் நல்ல சேதி. நீ சொன்ன வேலையில் பாதியை நேற்றோடு முடித்துவிட்டேன். நம் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து கிருமாம்பாக்கம், பாகூர் வரைக்கும் இருபத்திரண்டு சுவர். ஒவ்வொன்றிலும் என் நம்பருக்குக் கீழே இருந்த உன் நம்பரை அழித்தாயிற்று. அதில் ஒரு சுவர் நான் போவதற்கு முன்பே இல்லாமல் போயிருந்தது. வயல் பிளாட்டானபோது அந்தச் சுவர் இருந்த மோட்டார் கொட்டகையையே இடித்துவிட்டார்கள். மிச்சம் இருபத்தொன்றில் இருபதை என் கையால் அழித்தேன். ஒன்றை வேறொருவர் அழித்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நம் தொழிலை மாமனாருக்கு நீ எப்படிச் சொல்லியிருக்கிறாயோ தெரியாது. "அப்பா ஏஜென்சி வெச்சிருக்காரு" என்று சொல்லியிருந்தாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நானே சொல்கிறேன். என்னிடம் இரண்டு ஃப்ரீசர் பெட்டிகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் யாராவது இறந்துபோனால், வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை உடலை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி. ஊரில் ஐஸ் பெட்டி என்பார்கள். உன் தாத்தா இறந்தபோது துபாயிலிருந்து உன் பெரியப்பா வரும்வரை ஐஸ் கட்டியும் மரத்தூளும் வாங்கி வாங்கிப் போட்டு, அந்தத் தண்ணீரைத் துடைத்துத் துடைத்து உன் அம்மாவின் கை விறைத்துப்போனது. இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு அப்போது டவுனிலிருந்து பெட்டி வரவில்லை. இனி ஒருவருக்கும் இப்படி ஆகக்கூடாது என்று நினைத்துத்தான் பெட்டி எடுத்தேன். அது பொய் இல்லை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேறு.

சுவர் விளம்பரத்தில் உன் நம்பரை எழுதிய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மாவு மில் சுவரில் ஏணி போட்டு நின்றுகொண்டு பெயிண்டர் கேட்டான், "அண்ணே, ஒரு நம்பர் போட்டா ஆவாது. பிஸியா இருந்தா ஜனம் இன்னா பண்ணும்? இன்னொன்னு சொல்லு." உன் அம்மாவிடம் அப்போது போன் இல்லை. ப்ளஸ் டூ முடித்ததற்காக உனக்கு வாங்கிக் கொடுத்த போன் ரெண்டு நாள் பழசு. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். கீழே நின்று சொன்னேன், அவன் மேலே எழுதினான். வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. "ரெண்டாவது நம்பர் உன்னுதுடா, எவனாவது கூப்பிட்டா எனக்குச் சொல்லிடு" என்றேன். நீயும் சரிப்பா என்றாய். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சரிப்பாவை வைத்து ஓட்டினேன். சென்னையில் காலேஜ் பரீட்சை எழுதிவிட்டு வந்து பையைத் திறந்தால் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து யார் யாரோ அழுதுகொண்டு உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகாவது நம்பரை மாற்றியிருக்கலாம். அதற்குள் பேங்க், ஆதார், பாஸ்போர்ட், கம்பெனி என்று எல்லாம் அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டன. எனக்கு உள்ளூர அது சௌகரியமாக இருந்தது.

கல்யாணம் நிச்சயமானதும் நீ ஒவ்வொரு சொந்தக்காரரையும் போனில் அழைத்தாய். பாகூர் பெரியப்பா பேரன் தன் தாத்தா போனில் உன் நம்பரை எப்போதோ 'ஐஸ் பெட்டி 2' என்று பதிந்து வைத்திருக்கிறான். போன் அடித்ததும் கிழவர் பேரைப் பார்த்திருக்கிறார். எடுத்ததும், "யாருப்பா? யாரு போயிட்டாங்க?" என்று கத்த, அடுப்படியிலிருந்த பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவர, நீ இந்தப் பக்கம் "பெரியப்பா, கல்யாணம், எனக்குக் கல்யாணம்" என்று கத்தியிருக்கிறாய். உன் அம்மா சொன்னபோது நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்று அப்புறம் சொன்னாள்.

அடுத்தது திண்டுக்கல். உன் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் முதல் பந்தியில் என்னை உட்காரவைத்து அவரே நின்று பரிமாறினார். சாம்பார் முடிந்து ரசத்துக்குக் கையை ஏந்துகிறேன், உன் போன் அடிக்கிறது. கரிக்கலாம்பாக்கத்துப் பக்கத்திலேயே ஒரு வீடு. நீ என்னிடம் நீட்டினாய், நான் பேசினேன், எழுந்தேன், கை கழுவினேன், தெருவில் இறங்கினேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. 'போயிட்டு வரேன்' என்ற வார்த்தையை அந்த வாசலில் யாரும் சொல்வதில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பெட்டியை இறக்கிப் பிளக்கை மாட்டிவிட்டு வரும்போதும் சரி, பெட்டியை எடுத்துவரப் போகும்போதும் சரி, அப்படியே வந்து வந்து, எந்த வீட்டிலும் எனக்கு அந்த வார்த்தை வாயில் வராமல் போய்விட்டது. உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்றும் நீ பாத்ரூமிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டேன். நீ ஜன்னலில் நின்று தேடினாய் என்று உன் அம்மாதான் சொன்னாள். ஹாஸ்டல் ஜன்னல் போகட்டும். நிச்சயதார்த்த வீட்டில், பாதி இலையில், மாப்பிள்ளையின் அப்பன் சொல்லாமல் எழுந்து போனால் பெண் வீட்டார் என்னவென்று நினைப்பார்கள்? சம்பந்தி பாயசக் கரண்டியோடு என் இலைக்கு முன்னால் நின்றிருந்தாராம். ஐயா, என்னை மன்னியுங்கள். உங்கள் வீட்டை நான் அவமதிக்க நினைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நீ கத்தியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகப் பேசினாய். "கல்யாணத்துக்குள்ள என் நம்பர் ஒரு சுவத்துலயும் இருக்கக்கூடாதுப்பா. வந்தீங்கன்னா மூணு நாளும் முழுசா இருங்க. பாதி சோத்துல எழுந்து போற மாதிரின்னா வரவே வராதீங்க." நான் உன் அம்மாவிடம் திரும்பி, "பாத்தியா, பெத்த அப்பன வராதங்கிறான்" என்றேன். அவள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நான் கேக்க வேண்டியத புள்ள கேட்டுட்டான்" என்றாள். அதோடு சரி, அதற்கப்புறம் அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

சுவரை அழிப்பது என் கையில் இருந்தது. மூன்று நாள் எப்படி இருப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஊரை விட்டு ஒரு இரவு நான் வெளியே தங்கியதில்லை. திருப்பதிக்கு உன் அம்மா தெருப் பெண்களோடு போனாள். உன் பட்டமளிப்புக்கும் அவள்தான் தனியாக வந்தாள். கேட்டால், "பெட்டிய வுட்டுட்டு எப்படி வர்றது" என்பேன். சரி, முதலில் முடிந்ததைச் செய்வோம் என்று ஒரு கையில் சுண்ணாம்பு டப்பா, இன்னொரு கையில் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று கிளம்பினேன். சுவர் எல்லாம் கடைக்காரர்களின் சுவர்தானே. நம்பரை அழித்த கையோடு பத்திரிகையும் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் மாவு மில். மில்லுக்காரர் தலை, புருவம், காது மடல் எல்லாம் சிவப்பாக வெளியே வந்தார். அன்று மிளகாய் அரைக்கிற நாள். உள்ளே நின்றால் இருமல் பிடுங்கும். நான் சுண்ணாம்பை அடித்துக்கொண்டே "திண்டுக்கல்லுக்கு வந்துடணும் பங்காளி" என்றேன். அவர் பத்திரிகையைத் தொடவே யோசித்தார், கையில் காரம். "எப்படிப்பா வர்றது? மொளகா அரைச்சா அப்புறம் பச்சரிசி போட்டு ஓட்டி கல்லக் கழுவணும். அடுத்து ஒருத்தி கொழந்தைக்குக் கஞ்சி மாவு கொண்டாந்து நிப்பா. நான் இல்லாத நேரத்துல எவனாவது கழுவாம ஓட்டிட்டான்னா அந்தக் கொழந்த வாயி இன்னாவும்?" என்றார். ஒரு நாள் பூட்டிவிட்டு வாயேன் என்றேன். "ஒரு நாள் பூட்டு தொங்கினா பாக்கெட் மாவுக்குப் போயிடுவாங்க. போனவங்க வர மாட்டாங்க. என் பேத்தி பொறந்து ஏழு மாசம் ஆவுது. வூட்டுக்குப் போனா ரெண்டு தடவ குளிச்சிட்டுத்தான் தூக்கறேன். அதுக்குள்ள அது தூங்கிடுது." இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் உள்ளே போனார், மெஷின் சத்தம் மறுபடி கிளம்பியது.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன். "பங்காளி, உன் புள்ள திரும்பி வந்துட்டான்பா!" ஓடிப்போய்ப் பார்த்தால், சுண்ணாம்பு காய்ந்ததும் பத்து எண்ணும் வரிசையாகத் தெரிகின்றன. மழையில் கரையக்கூடாது என்று நல்ல எனாமல் பெயிண்ட்டாக வாங்கிக் கொடுத்து எழுதச் சொன்னவன் நான்தானே. உன் நம்பரை அவ்வளவு கெட்டியாக எழுதியிருக்கிறேன்டா. அப்புறம் கறுப்பு எனாமல் வாங்கி, எல்லாச் சுவரிலும் இரண்டு பூச்சு பூசினேன். இப்போது பஸ்ஸில் போனால் தெரியும். என் நம்பருக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை இருக்கும்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம் பஞ்சர் கடை. நீ சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போவாயே, அவன்தான். என் வயது. டயர் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்திரிகையை வாங்கிப் பிரித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். "திண்டுக்கல்லா? எம்மாந் தூரம்! நான் கடலூருக்குப் போயே மூணு வருசம் ஆவுதுடா. இங்க ஏறினா அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துல எவனாவது வந்து பாத்துட்டுப் போயிட்டான்னா?" என்றான். வருகிறார்களா என்று கேட்டேன். "எங்க வர்றான்? எல்லாம் டியூப்லெஸ் ஆயிடுச்சி. ஆணி ஏறினாக்கூட காத்தடிச்சிக்கினு ஓட்றான்." அப்புறம் எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். அவன் "எவனுக்காவது ஆணி ஏறணும்னு நான் உக்காந்திருக்கேன். எவனாவது சாவணும்னு நீ உக்காந்திருக்க. இன்னா பொழப்புடா இது" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் பிரஷ்ஷை எடுத்தேன். பின்னாலிருந்து கேட்டான், "நிச்சயத்துல பாதியில எழுந்து வந்தியாமே. வந்து இன்னாடா பண்ண?"

மகனே, இதை நான் உன்னிடம் மறைத்தேன். அன்று என்ன நடந்தது என்று நீ கேட்டபோது, "நல்லவேளை போனேன், இல்லன்னா அந்த வூட்டுல தவிச்சிப் போயிருப்பாங்க" என்றேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். நடந்தது அது இல்லை. பெட்டி வைக்கிற ஷெட்டின் சாவியை நான் திண்டுக்கல்லுக்கு இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்பது வருஷமாக நம் வண்டி ஓட்டுகிற டிரைவர் ஊரில்தான் இருந்தான். அவனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அரை மணி நேரத்தில் பெட்டி போய்ச் சேர்ந்திருக்கும். கொடுக்க மனசு வரவில்லை. நான் இல்லாமல் பெட்டி நகரக்கூடாது என்ற புத்தி. ஆறேழு மணி நேரம் பஸ் மாறி மாறி வந்து, பெட்டியை ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனால், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு பெட்டி கூடத்தில் இருக்கிறது. விளக்கு எரிகிறது, ஜனங்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். சொல்லிக்கொள்ளாமல் திரும்பினேன். இதற்காகத்தான் உன் நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் எழுந்தேன். பஞ்சர் கடைக்காரனிடம் இதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் கையிலிருந்த டப்பாவை மட்டும் வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

இப்படியே போயிற்று. போன கடையிலெல்லாம் ஒரே பதில்தான். ஆனால் காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு. கோழிக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை, பூக்கடை அம்மாவுக்கு முகூர்த்த நாள், செல்போன் ரிப்பேர்க்காரனுக்கு எந்த நாளும். இருபது பேருக்குப் பத்திரிகை வைத்தேன். வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "கடையை யாரு பாக்கறது?" என்று எல்லாரும் என்னையே திருப்பிக் கேட்டார்கள். பத்துக்குப் பத்து இடத்தில் உட்கார்ந்துகொண்டு ரோட்டில் போகிறவர்களைப் பார்க்கிறோம். எல்லாரும் எங்கோ போகிறார்கள். நாங்கள் போவதில்லை. உன் அப்பன் இவர்களில் ஒருத்தன் என்று எனக்குத் தோன்றியது. அப்போது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நானும் கைதி, அவர்களும் கைதி, என் மேல் தப்பில்லை என்று ஒரு கெட்ட ஆறுதல். திண்டுக்கல்லுக்கு முதல்நாள் வந்து முகூர்த்தம் முடிந்ததும் திரும்பிவிடலாம், பிள்ளை கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும் என்றுகூட முடிவு பண்ணிவிட்டேன்.

நேற்று கடைசிச் சுவர். பாகூரில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு தையல் கடை. ஜாக்கெட் தைக்கிற அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் டப்பாவைத் திறந்ததும் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "அண்ணே, நில்லுங்க. இத மட்டும் அழிக்காதீங்க." எதற்கு என்று கேட்டேன். "இந்த நம்பர்தாண்ணே எனக்கு எடுத்தது" என்றாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பொங்கல் சீசனில், கடையில் துணி மலையாகக் கிடக்கும்போது, அவள் வீட்டுக்காரர் கடைக்குள்ளேயே விழுந்து இறந்துபோனார். கடையின் வெளிச் சுவரில் இருந்த நம் விளம்பரத்தைப் பார்த்து முதல் நம்பருக்குப் போட்டிருக்கிறாள். பிஸி. இரண்டாவது நம்பரில் நீ எடுத்திருக்கிறாய்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குப் பேச்சே வரலண்ணே. அந்தப் புள்ளதான் கேட்டான், 'யக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?'ன்னு. இல்லன்னேன். 'நான் லைன்லயே இருக்கேன், போன வெக்காதீங்க. போனக் கையில புடிச்சிக்கினு பக்கத்து வூட்டுக் கதவத் தட்டுங்க'ன்னான். மூணு வூடு தட்டினேன், யாருமே இல்ல, எல்லாம் சந்தைக்குப் போயிருந்தாங்க. 'நாலாவது வூடு தட்டுங்கக்கா, நான் இருக்கேன்'னான். கதவு தொறந்ததுக்கு அப்புறந்தாண்ணே வெச்சான். அவன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது."

நீ இதை எனக்குச் சொன்னதே இல்லை. அந்த இடத்தில் எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளை என்று மார்பைத் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. உனக்கு அப்போது இருபத்தொரு வயது. அந்தப் போனை வைத்த பிறகு நீ என்ன செய்தாய்? சாப்பிட்டாயா? கிளாசுக்குப் போனாயா? அவளிடம் நீ கேட்ட கேள்வியை உன்னிடம் யார் கேட்டார்கள்? உன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லையேடா. பிணத்தைப் பார்க்க உன்னை நான் விட்டதே இல்லை, பயப்படுவாய் என்று. ஆனால் அழுகையை மட்டும் நேராக உன் காதுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"இத அழிக்கச் சொன்னது அவன்தாம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா போனில் ஐஸ் பெட்டி என்று வந்தது, நிச்சயதார்த்தம், பாதி இலை, நீ கேட்ட மூன்று நாள், எல்லாம். அவள் சுவரைப் பார்த்தாள். "அவனே கேட்டானா? அப்ப குடுங்க, நானே அழிக்கிறேன்" என்று என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கினாள். தையல்காரி கை. கோடு பிசகாமல், என் நம்பரில் ஒரு சொட்டுக்கூடப் படாமல், உன் நம்பரை மட்டும் மூடினாள். பத்திரிகை வைத்தேன். வர முடியாதே அண்ணே என்றாள், நான் எதிர்பார்த்ததுதான். "நான் தைச்ச ஜாக்கெட்டெல்லாம் கல்யாணத்துக்குப் போவுது, நான் எதுக்கும் போனதில்ல. முகூர்த்தத்தன்னிக்குக் காலையில எவளாவது கை புடிக்குதுன்னு ஓடியாருவா. புருசன் போன பதினாறாம் நாளே மெஷின்ல உக்காந்தவ நான். எழுந்திரிச்சா இந்த வாடகைக் கடை இன்னொருத்திக்குப் போயிடும்." அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க போவீங்கதான?" என்றாள்.

பெட்டியை யார் பார்ப்பது என்று முணுமுணுத்தேன். ஷெட் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். என் கை தானாக இடுப்புக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டாள். "என்னைய இந்த மெஷின் கட்டிப் போட்டிருக்குதுண்ணே. உங்கள யாரும் கட்டிப் போடல. சாவி உங்க இடுப்புலதான இருக்குது?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரோ ஒருத்தி எனக்குப் புத்தி சொல்கிறாளே என்று. என் கோபம் உனக்குத் தெரியுமே. டப்பாவை மூடிக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் கிளம்பப் போனேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

அவள் கையை நீட்டினாள். "குடுங்க." என்னவென்று எனக்குப் புரியவில்லை. "குடுங்கண்ணே, நான் பேசறேன்." ஏன் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. எடுத்தாள். "சொல்லுங்க. ஆமா, பெட்டிதான். எந்த ஊரு? எந்தத் தெரு?" தையல் அளவு எழுதுகிற நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் குரலைத் தணித்து, "யம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன பதிலோ, "சரி, சரி, அழுவாத, நான் லைன்ல இருக்கேன்" என்று ஐந்து நிமிஷம் பேசினாள். நம் டிரைவர் நம்பரைக் கேட்டு அவனுக்கும் போட்டு, இடத்தைச் சொல்லிவிட்டு, போனைக் கட்டிங் மேஜை மேல் வைத்தாள். நான் பெயிண்ட் டப்பாவோடு வெறுமனே நின்றிருந்தேன். ஒரு சாவு விழுந்திருக்கிறது, நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை.

"மூணு நாளும் இது இங்க கெடக்கட்டும்" என்றாள். கல்யாண ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் முன்னால் இந்தப் போன் அடித்தால் என்ன நினைப்பார்கள், அவள் பிழைப்பு கெடாதா என்று கேட்டேன். "நெனச்சிக்கட்டும்ண்ணே. எனக்கு ஒருத்தன் போன எடுத்தான் இல்ல?" என்றாள். உடனே மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஊதா ஜாக்கெட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அனுப்பிவைக்கிற அவளால் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

அங்கிருந்து நேரே டிரைவரிடம் போய்ச் சாவியைக் கொடுத்தேன். "இன்னா அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டான். அவன் தானாக ஷெட்டைத் திறந்து, பெட்டியை ஏற்றிக்கொண்டு போனான். நான் கூடப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு லேசாக இருந்தது. நன்றாகவா இருந்தது என்று கேட்டால், இல்லை. பயமாக இருந்தது. நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்று பன்னிரண்டு வருஷம் உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடக்கிறதே. அப்படியானால் உன் பட்டமளிப்புக்கு நான் வந்திருக்கலாம். திருப்பதிக்குப் போயிருக்கலாம். பாயசம் சாப்பிட்டிருக்கலாம். மில்லுக்காரரும் பஞ்சர்காரனும் மாட்டிக்கொண்டது வயிற்றுக்காக. நான் என்னைத் தேடி வருகிறார்கள் என்ற ருசிக்காக மாட்டிக்கொண்டேன். வீட்டில் என்னை யாரும் அவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டதில்லை, சாவு வீட்டில்தான் கூப்பிட்டார்கள். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு நல்லது சொல்ல வேண்டும். என்னிடம் அவ்வளவு இல்லை. உன் வேலையும் இப்படித்தான் இருக்கும், ராத்திரி பகல் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், நீ இல்லாவிட்டால் ஆபீஸ் நின்றுவிடும் என்று உனக்கும் தோன்றும். தோன்றும்போது உன் சாவி யாரிடம் இருக்கிறது என்று தொட்டுப் பார். அந்தப் பெண் "ஒரு விஷயம்" என்று பேச ஆரம்பித்தால், வேறு எந்தக் கால் வந்தாலும் அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேள். வெளியே போகும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு போ, தெருமுனைக் கடைக்குப் போனாலும் சொல். தையல்கார அம்மாவுக்கு ஒரு தடவை நீயே போன் போடு, நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவளிடம் நீ ஒன்றும் விசேஷமாகச் சொல்ல வேண்டாம், குரலைக் கேட்டாலே தெரிந்துகொள்வாள்.

கடிதத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்து உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுசாகப் படித்தாள். வில்லியனூர்ப் பெட்டி விஷயம் வந்த இடத்தில் என்னை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். அப்புறம் எழுந்து போய் பீரோவிலிருந்து என் வேட்டி சட்டையை எடுத்து, மூன்று ஜோடி, பையில் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் என் துணி பைக்குள் போவது இதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் வருகிறோம். போகிற வழியில் போனைத் தையல் கடையில் கொடுத்துவிடுவோம். சம்பந்தியிடம் சொல், அந்தப் பாயசத்தை இந்த முறை கேட்டு வாங்கிச் சாப்பிடப்போகிறேன். மூன்றாம் நாள் கிளம்பும்போது அந்த வீட்டில் ஒவ்வொருவரிடமும், குழந்தைகளிடம்கூட, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவேன். மண்டபத்தில் என்னைத் தேடினால் நம்பரை அழுத்தாதே, பாகூரில்தான் அடிக்கும். அப்பா என்று வாயால் கூப்பிடு. நான் எழுந்து வருவேன்.

உன் அப்பா